ஆயிரத்துக்கு ஐந்து: பல்கலைக்கழக நூலகத்தின் நோக்கம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்தியப் பல்கலைக்கழகம் எதனுடைய நூலகப் பக்கத்தையும் இணையத்தில் திறந்து பாருங்கள். தொலைநோக்கு, பணிநோக்கு, உத்திசார் இலக்குகள் என்னும் தலைப்புகள் தவறாமல் இருக்கும். அவற்றின் கீழுள்ள வாசகங்களை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டினாலும் யாருக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை. அறிவுச் சமூகத்தை உருவாக்குவது, உலகத்தரமான தகவல் சேவை அளிப்பது, பயனர் நிறைவை உறுதிசெய்வது என்று அவை நீளும். 1994இல் தோன்றிய தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையின் குழு வளாகத்துக்கு வரும் பருவங்களில்தான் இத்தகைய பத்திகள் அதிகம் எழுதப்படுகின்றன என்பது வளாகத்தில் வாழ்வோர் அறிந்ததே. நாக் குழு கேட்கும், நாம் எழுதுவோம்.

ஒரு நூலகம் உண்மையில் எதற்காக நடத்தப்படுகிறது என்று அறிய விரும்பும் வரலாற்று மாணவர் வேறிடங்களில் தேட வேண்டும். கதவு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது? வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூலை எடுக்க முடிகிறதா? நூலொன்று காணாமற்போனால் அதன் விலை யாரிடமிருந்து பிடிக்கப்படுகிறது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது என்று கருதுகிறேன். அதற்கான விடைதான் மற்ற இரண்டுக்குமான விடைகளைத் தீர்மானிக்கிறது. நோக்க அறிக்கை எழுதுவோர் ஒருவர், நட்டத்துக்குப் பொறுப்பேற்போர் இன்னொருவர் என்றிருக்கும் நிறுவனத்தில் பின்னவரின் அச்சமே கொள்கையாகிவிடும். இந்தியப் பல்கலைக்கழக நூலகத்தின் ஏறத்தாழ 170 ஆண்டுக்கால வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசித்துப் பார்க்கலாம்.

நாளந்தாவிலிருந்து தொடங்குவது நம் நூலக வரலாற்றாசிரியர்களின் வழக்கம். நான் அவ்வாறு தொடங்கவில்லை. நாளந்தாவின் சுவடிச்சாலைக்கும் நாம் இன்று அடையாள அட்டையைக் காட்டி நுழையும் கட்டடத்துக்கும் இடையே பெருமித உறவு உண்டே ஒழிய நிறுவனத் தொடர்ச்சி கிடையாது. நம் நூலகங்களின் பழக்கவழக்கங்கள் யாவும் 1857க்குப் பிற்பட்டவை.

அந்த ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டவை. அவை தேர்வு நடத்தின, பட்டம் வழங்கின. கற்பித்தல் முழுவதும் இணைவுபெற்ற கல்லூரிகளின் பொறுப்பு. வகுப்பறை இல்லாத இடத்தில் மாணவர் இல்லை. மாணவர் இல்லாத இடத்தில் நூலகத்துக்கு வேலையும் இல்லை. ஆகவே தொடக்ககாலப் பல்கலைக்கழக நூலகங்கள் கல்வித் தேவையிலிருந்து பிறக்காமல் கொடையாளர்களின் விருப்பத்திலிருந்து பிறந்தன. கல்கத்தாவில் உத்தரபாராவின் ஜமீன்தார் ஜெயகிருஷ்ண முகர்ஜி 1869இல் நூல்கள் வாங்க 5000 ரூபாய் அளித்தார். பம்பாயின் கதை இதைவிட வண்ணமயமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறிக் கிடந்த 1864இல் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் நூலகக் கட்டடத்துக்கு 2 லட்சம் ரூபாயும், தம் தாயார் ராஜாபாயின் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப இன்னொரு 2 லட்சமும் கொடுத்தார். மறு ஆண்டே பருத்திச் சந்தை சரிந்து அவருடைய செல்வமும் கரைந்தது. கொடை மட்டும் நின்றது. இந்தியாவுக்கு வந்தேயிராத ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த திட்டப்படி 1878இல் பணி நிறைவடைந்தது. 280 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் இன்றும் மும்பையின் அழகுகளில் ஒன்று. நூலகத்துக்கும் அதன்மேல் நிற்கும் மணிக்கூண்டுக்கும் சரிபாதியாகப் பணம் ஒதுக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கட்டடத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதற்குச் சான்று 1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம். அப்போதிருந்த ஐந்து பல்கலைக்கழகங்களையும் பார்வையிட்ட அவ்வாணையம் நூலகங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை என்ற தொனியிலேயே எழுதியது. சென்னை நூலகம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பம்பாயில் நல்ல, ஆனால் சிறிய தொகுப்பு இருந்தது. பட்டதாரிகள் அரிதாகவும் மாணவர்கள் அதனினும் அரிதாகவும் பயன்படுத்தினர். கல்கத்தா நூலகம் பேரவை உறுப்பினர்களுக்கும் சிண்டிகேட்டின் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே திறந்திருந்தது. அலகாபாத்தில் நூலகமே இல்லை.

இதன் தொடர்ச்சியாகக் கர்சன் காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கலாம், நூலகமும் ஆய்வகமும் அருங்காட்சியகமும் அமைத்துப் பேணலாம் என்று அதிகாரம் அளித்தது ஒன்று. இணைவு கோரும் கல்லூரி தன்னிடம் தக்க நூலகம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று விதித்தது இன்னொன்று. முதலாவது வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அதுதான் நீண்ட நிழலை வீழ்த்தியதாகத் தோன்றுகிறது. ஆய்வுக்குழு வரும் நாளில் காட்டுவதற்குரிய பொருளாக நூலகம் இந்தியக் கல்வி நிர்வாகத்துக்குள் நுழைந்தது அந்த விதியின் வழியாகத்தான். எண்ணிக் காட்ட வேண்டிய பொருள் குறையக்கூடாது. குறையாமலிருக்க எளிய வழி, பூட்டிவைப்பது.

பூட்டுக்கு எதிரான முதல் அசைவு லாகூரில் நிகழ்ந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகம் 1915இல் ஆசா டான் டிக்கின்சன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்தது. ஓராண்டே தங்கிய அவர் நூலகத்தைச் சீரமைத்தார், நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார், அவ்வகுப்புக்கென ஒரு கையேடும் எழுதி 1916இல் வெளியிட்டார். நூலகப் பணி என்பது சாவிக்கொத்தைக் காப்பது அன்று, கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் ஊன்றப்பட்டது அப்போதுதான்.

அடுத்த பெரும் அசைவு சென்னையில். சி. ஆர். ரங்கநாதனைப் பற்றி எழுதாத நூலகவியல் மாணவர் இருக்க முடியாது என்பதால் வாழ்க்கை வரலாற்றுக்குள் நான் போகவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்தவர், கணித ஆசிரியர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நாள் முழுதும் யாரும் வராத கூடத்தில் உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்பிவிட முயன்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. இலண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுமாறு சொல்லி அனுப்பினார்கள். போனார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார், 1925இல் திரும்பி வந்தார், கல்லூரிக்குத் திரும்பவில்லை.

இந்தக் கதையை ஒரு மனிதரின் மனமாற்றமாகச் சொல்வதே மரபு. நான் அதை ஒரு நிறுவனத்தின் நிலையைக் காட்டும் சான்றாக வாசிக்கிறேன். நாட்டின் மூத்த பல்கலைக்கழகங்களில் ஒன்று, தொடங்கி 67 ஆண்டுகள் கழித்து, முழுநேர நூலகர் ஒருவரை நியமிக்கிறது. அவருக்குச் செய்ய வேலையே இல்லை. ஏனென்றால் நூலகத்தின் வேலை என்ன என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

அதை அவர் முடிவு செய்தார். 1928இல் வடிவம் பெற்று 1931இல் நூலாக வெளிவந்த ஐந்து விதிகள் இன்று தேர்வுத்தாள் வினாவாகத் தேய்ந்துவிட்டன; ஒப்புவித்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த நூலை மீண்டும் எடுத்துப் படிப்போருக்கு வியப்பு காத்திருக்கிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்னும் கருத்துடைய முதல் விதியை விளக்க வரும் ரங்கநாதன் தத்துவம் பேசவில்லை. நூலகம் ஊரின் எந்தப் பகுதியில் அமைய வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், ஊழியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பேசுகிறார். அலமாரியின் மேல்தட்டு, தரையில் நிற்கும் சராசரி மனிதரின் கைக்கு எட்ட வேண்டும். ஏணி வைத்து ஏறி எடுக்கும் உயர அலமாரி, சேமிப்பவரின் அலமாரி. நாற்காலியும் விளக்கும் வாசகரை உட்கார வைப்பவையாக இருக்க வேண்டும். ஒரு பணிநோக்கு அறிக்கையை மரத்தச்சரிடம் கொடுத்து வேலை வாங்கக்கூடிய அளவுக்கு எழுதியவர் அவர்.

சென்னையில் அவர் இவற்றை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். திறந்த அடுக்கு முறை வந்தது. நூலகம் திறந்திருக்கும் நேரம் நீண்டது. விடுமுறை நாட்களிலும் கதவு திறந்தது. 1936இல் கடற்கரையில் நூலகத்துக்கென்றே தனிக் கட்டடமும் எழுந்தது. இந்த மாற்றங்களில் ஒவ்வொன்றும் ஒரு நட்டக் கணக்கோடு வந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. வாசகர் அடுக்குகளுக்கிடையே உலவினால் சில நூல்கள் இடம் மாறும், சில கிழியும், சில வெளியேறியே விடும். இதை ரங்கநாதன் மறைக்கவில்லை. நூல் தேய்வதும் தொலைவதும் பயன்பாட்டின் இயல்பான செலவு, அதற்கஞ்சி வாசகரைத் தடுப்பது பேரிழப்பு என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வாதாடிய நிலைப்பாடு. ஐந்து விதிகளும் நிற்பது இந்த ஒற்றைக் கணக்கியல் வாதத்தின் மீதுதான் என்பது என் துணிபு.

1945இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது கண்ட காட்சி வேறு. மாளவியா இலண்டன் வட்ட மேசை மாநாட்டிலிருந்து திரும்பிய பின், பிரித்தானிய அருங்காட்சியகத்தின் வாசிப்பு மண்டபத்தை நினைவூட்டும் வகையில் கட்டுவித்த வட்டவடிவக் கூடம் அங்கே இருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் கொடையால் எழுந்தது. கூடம் கம்பீரம். நூல்கள் வகைப்படுத்தப்படவில்லை. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை ரங்கநாதன் தம் கையாலேயே வகைப்படுத்தினார் என்பது நூலக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. இதை வியப்புக்குரிய உழைப்பாகப் போற்றுகிறோம். ஒரு பெரும் பல்கலைக்கழகத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிமனிதர் தம்மை வருத்திக்கொள்ள வேண்டியிருந்ததே என்று ஏன் நாம் கேட்பதில்லை? மணிக்கூண்டுக்கும் குவிமாடத்துக்கும் கிடைக்கும் கொடை பட்டியலாக்கத்துக்குக் கிடைப்பதில்லை.

1947இல் டிக்கின்சன் சீரமைத்த நூலகம் லாகூரில் நின்றுவிட, இந்தியப் பகுதிக்கு வந்த பஞ்சாபிகள் புதுப் பல்கலைக்கழகத்தையும் புது நூலகத்தையும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்கினார்கள். அதே காலத்தில் டெல்லியில் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் 1948-49இல் நூலகத்துக்கு எண்களில் ஓர் இலக்கு வகுத்தது: பல்கலைக்கழகச் செலவுத் திட்டத்தில் 6.25 விழுக்காடு, அல்லது மாணவர் ஒருவருக்கு 40 ரூபாய். 1964-66இன் கோத்தாரி ஆணையம் இதை மாணவருக்கு 25 ரூபாய், ஆசிரியருக்கு 300 ரூபாய் என்று மாற்றி, மொத்தத்தில் 6.5 முதல் 10 விழுக்காடு வரை போகலாம் என்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு நுட்பமான நகர்வு தென்படும். கோத்தாரியின் கணக்கில் ஓர் ஆசிரியர் 12 மாணவர்களுக்குச் சமம். ஆய்வு நூலகம் வேண்டும் என்ற நியாயமான எண்ணத்திலிருந்து வந்த கணக்குதான். ஆயினும் நூலகம் முதன்மையாக யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது.

இந்த விழுக்காடுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு நூலகவியல் கருத்தரங்கிலும் மேற்கோளாகின்றன. பரிந்துரை கட்டளையாகவில்லை என்பதே அவற்றின் வரலாறு. பல்கலைக்கழக நிதிக்குழு நாற்பது தலைப்புகளுக்கிடையே பணத்தைப் பங்கிடும்போது, ஆண்டின் நடுவில் வெட்டத் தோதான தலைப்பு நூலகம். சம்பளத்தை வெட்ட முடியாது. மின்கட்டணத்தை வெட்ட முடியாது. வாங்காத நூல் வந்து கேட்காது.

இனி மையப் பொருளுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் ரங்கநாதன் தலைமையில் ஒரு நூலகக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1959இல் வந்தது. கட்டடம், ஊழியர், ஊதியம், திறந்த அடுக்கு என எல்லாவற்றையும் அது பேசியது. ஆனால் நூலகரின் கைகளைக் கட்டியிருந்த கயிறு கல்வித்துறையின் கையில் இல்லை. அது தணிக்கைத்துறையிடம் இருந்தது. தணிக்கையாளரின் பார்வையில் நூல் என்பது மேசை, மின்விசிறி போல இருப்புப் பதிவேட்டில் ஏறிய அரசுச் சொத்து. ஆண்டிறுதியில் எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பாளர் விளக்கம் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் விலையைக் கட்ட வேண்டும். சொற்பச் சம்பளம் வாங்கும் ஒருவரிடம் ஓய்வுபெறும் நாளில் தடையில்லாச் சான்று தருவதற்கு முன் இருபதாண்டு நூற்கணக்கைக் கேட்கும் வழக்கத்தைப் பற்றி நூலகர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் ஏன் அலமாரியைப் பூட்டுகிறார்கள் என்று புரியும். நான் களப்பணிக்குச் சென்ற ஒரு நூலகத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எனக்குத் தேவையான நூலின் முதுகுத் தலைப்பைப் படிக்க முடிந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். அடுத்த வாரம் வரச் சொன்ன உதவியாளரின் குரலில் அதிகாரம் இல்லை, அச்சமே இருந்தது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதற்கு ஒரு தீர்வை எழுதிவைத்திருக்கின்றன. இப்போதைய 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 215ஆம் விதி. 2005ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இருந்ததே. 20,000 நூல்கள் வரையுள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்பாய்வு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேற்பட்டால் மாதிரி ஆய்வு போதும். அதன்பின் வருவதுதான் முக்கியம். ஓராண்டில் வழங்கப்பட்ட, புரட்டிப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து காணாமற்போவது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லாதவரை, நியாயமான இழப்பாகக் கொள்ளப்படலாம்.

இந்த வரியை நான் இந்திய நூலகத்தின் உண்மையான பணிநோக்கு அறிக்கை என்பேன். ரங்கநாதனின் வாதம் அரசுக் கணக்கியலின் மொழிக்குள் நுழைந்த இடம் இது. கணக்கின் அடிப்படையைக் கவனியுங்கள்: நூலகத்தில் உள்ள நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து என்று அது சொல்லவில்லை, பயன்படுத்தப்பட்ட நூல்களில் என்று சொல்கிறது. அதிகம் வழங்கும் நூலகத்துக்கு அதிகச் சலுகை. பூட்டி வைத்த நூலகத்துக்கு ஒன்றுமில்லை. நிதியமைச்சகத்தின் எழுத்தர் ஒருவர் எழுதியதாக இருக்கக்கூடிய வரி, பல தொலைநோக்கு அறிக்கைகளைவிடத் தெளிவாக நூலகத்தின் நோக்கத்தைப் புரிந்துவைத்திருக்கிறது.

அந்த விதியின் வால்பகுதியில்தான் சிக்கல். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கிறது அது. 2005இல் ஆயிரம் ரூபாய் என்பது ஓரளவு பொருளுள்ள வரம்பு. 2017இல் தொகுப்பைத் திருத்தியபோதும் அத்தொகை மாறவில்லை. இன்று பல்கலைக்கழக அச்சகங்கள் வெளியிடும் ஆய்வு நூல்களில் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்? இறக்குமதி நூல்களைக் கேட்கவே வேண்டாம். விலைவாசி ஏற ஏறச் சலுகை ஓசையின்றிச் சுருங்கிவருகிறது. யாரும் எதையும் திருத்தாமலேயே திறந்த அடுக்கு மீண்டும் மூடிய அடுக்காக மாறும் வழி இது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநிலத் தணிக்கையின் போக்கைப் பொறுத்து நிலைமை மாறும். பணியாளர் குறைவாக உள்ள இடங்களில் விதி எதுவாயினும் பூட்டே வெல்கிறது.

நூல்களைத் திரட்டுவதற்கென்று தெளிவான இலக்கு வைத்திருப்பது எதைச் சாதிக்கும் என்பதற்கு ஒரு நேர்மாறான சான்றும் நம் வரலாற்றிலேயே உண்டு. 1951இல் அமெரிக்கா இந்தியாவுக்கு அளித்த கோதுமைக் கடனின் வட்டியில் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதில் நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அமெரிக்க நூல்கள் வந்தன, நம் நூலகர்கள் அங்கே சென்று வந்தார்கள். பின்னர் பி.எல். 480 உணவு உதவியில் சேர்ந்த ரூபாயைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962இல் டெல்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிகள் அனைத்திலும் வெளிவந்த நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ச் சிறுபத்திரிகையும் வங்காள நாடகமும் மராத்தித் துண்டுவெளியீடும் சிகாகோ போன்ற நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அறுபதுகளின் இந்திய வெகுமக்கள் பதிப்பை ஆராயும் என் தலைமுறை ஆய்வாளர் பலரும் அந்த நூலகங்களின் பட்டியலைத் தேடுவது இதனால்தான். எந்த நூல் பின்னாளில் பயன்படும் என்று முன்கூட்டியே தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் வாங்கு என்பது அவர்களுக்குக் கட்டுப்படியான கொள்கை. கோதுமைப் பணம் இருந்தது. நாமோ அதே காலத்தில் பாடத்திட்டத்தில் உள்ளதை வாங்கினோம். வறுமையை மட்டும் காரணமாகச் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அந்தச் சிறுபத்திரிகைகளின் விலை பெரிதில்லை. அவற்றைத் திரட்டுவது பல்கலைக்கழக நூலகத்தின் வேலை என்று நம் குழுக்களில் யாரும் எழுதிவைக்கவில்லை.

நூலகத்தின் நோக்கம் நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்ட தருணமும் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும், டெல்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஒளிநகல் நிலையத்தின் மீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடப்பட்டியலில் உள்ள பக்கங்களை நகலெடுத்துத் தொகுப்பாக விற்றது குற்றச்சாட்டு. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். முன்பு மாணவர் நூலகத்தில் மணிக்கணக்காக அமர்ந்து கையால் எழுதிக்கொண்டதை இப்போது இயந்திரம் செய்கிறது. கையால் எழுதியது குற்றமில்லையென்றால் இதுவும் அவ்வாறே என்பது அவருடைய தர்க்கத்தின் ஓர் இழை. மேல்முறையீட்டில் டிசம்பர் மாதம் இரு நீதிபதி அமர்வும் கற்பித்தலுக்கான நகலெடுப்பு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் அடங்கும் என்ற அடிப்படையை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. ஒரு வகுப்பில் அறுபது பேர், நூலகத்தில் நூல் ஒரே படி. இந்த எண்ணிக்கைக்கு விடை சொல்ல வேண்டியது நூலகத்தின் உத்திசார் இலக்கு. சொன்னதோ வாசலில் இருந்த நகலகம். தீர்ப்பை நாமெல்லாம் கொண்டாடினோம், சரிதான். அறுபது பேருக்கு ஒரு படி என்ற நிலை கொண்டாட்டத்தில் மறைந்துபோயிற்று.

இதற்கிடையே நூலகம் அலமாரியை விட்டே வெளியேறத் தொடங்கியிருந்தது. 1991இல் மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கி 1996இல் தன்னாட்சி மையமான இன்ஃபிளிப்நெட், 2004 முதல் பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்களைக் கூட்டாக வாங்கித் தந்தது. அதன் பணிகளில் எனக்கு ஐயமின்றிப் பிடித்தது சோத்கங்கா. 2009ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்வடிவை ஒப்படைக்கச் சொன்னதையொட்டி எழுந்த அந்தக் களஞ்சியத்தில் இன்று பல லட்சம் ஆய்வேடுகள் யாரும் திறந்து படிக்கும்படி உள்ளன. அதற்கு முன் ஆய்வேடு என்பது நூலகத்தின் பூட்டிய அறையில், பேராசிரியரின் கடிதத்துடன் சென்றால் மட்டும், பேனாவைக்கூட வெளியே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய பொருளாகப் பல இடங்களில் இருந்தது. திருட்டு நடக்கும் என்று அஞ்சித்தான் பூட்டினார்கள். திறந்தபின் நேர்ந்தது வேறு: எங்கே எது எடுத்தாளப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இந்த வரிசையில் ஆகப் பெரியது. 2025, 2026, 2027 ஆகிய மூன்றாண்டுகளுக்கு 6000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் 6300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர். சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவி ஒருத்தி, டெல்லியிலுள்ளவர் படிக்கும் அதே இதழை அதே நாளில் படிக்க முடிகிறது. இதை எளிமைப்படுத்திக் குறைசொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. லாகூரிலும் சென்னையிலும் தொடங்கிய ஒரு நோக்கம் இந்த அளவில் நிறைவேறுவது பெரிய காரியம்.

ஆயினும் வரலாற்று மாணவனாக மூன்று கேள்விகளையும் இங்கும் கேட்டுப் பார்க்கிறேன். கதவு மூடும் நேரம் இல்லை, நல்லது. அடுக்கு திறந்திருக்கிறது, ஆனால் நிறுவனத்தின் கடவுச்சொல் உள்ளவர்க்கு மட்டும். பட்டம் பெற்று வேலை தேடும் ஆய்வாளர் வாய்மொழித் தேர்வு முடிந்த சில வாரங்களில் வெளியாளாகிவிடுகிறார், தனியார் கல்லூரியில் கற்பிப்போர் முதற்கட்டத்தில் கணக்கிலேயே இல்லை. இந்திய மொழிகளில் ஆராய்பவருக்குத் தேவையான பெரும்பகுதி அந்த 13,000 இதழ்களில் கிடையாது. அது இன்னும் அச்சில், அலமாரியில், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கும் அறையில் உள்ளது. அந்த அறைக்கான பணம் 'எல்லாம் மின்வடிவில் வந்துவிட்டதே' என்ற காரணத்தால் குறைக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும் இனி நூலகக் குழுக்களின் வேலை.

மூன்றாவது கேள்வி, இழப்பு யாருடையது என்பது. சந்தா என்பது வாடகை. நிரந்தர அணுகல் உரிமையை ஒப்பந்தத்தில் தனியே கேட்டுப் பெற்றாலன்றி, புதுப்பிக்காத நாளில் இதழ்கள் திரையிலிருந்து மறைந்துவிடும். ஆயிரத்துக்கு ஆறாவது நூல் காணாமற்போனால் நூலகர் விளக்கக் கடிதம் எழுதுகிறார். 13,000 இதழ்கள் ஒரே இரவில் போனால் இருப்புப் பதிவேட்டில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.